பனிக்கட்டி முட்டையை அடைகாத்த 70 நிமிடங்கள்

நானும் என் இணையும் குழந்தை வளர்ப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கும். "இப்பவே இந்த வெயில் அடிக்குது, அது வளர்றப்போ எப்படி இருக்கும்?" என்று அவள் கேட்பாள். என்னிடம் பதில் இருக்காது. தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்ற பால்புதுமையரின் குடும்பம், பிள்ளை வளர்ப்பு, சூழல் நெருக்கடி மூன்றையும் சேர்த்து ஒரு நிகழ்த்துகலை நடக்கிறது என்று தெரிந்ததும், அறிவிப்பை முழுதாகப் படிக்காமலேயே இரண்டு இருக்கை பதிவு செய்தேன்.

மேடையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு அலுமினியத் தட்டு, ஒரு துண்டு, இரண்டு கைக்குள் அடங்கும் ஒரு முட்டை. முட்டை பனிக்கட்டியால் ஆனது. இரண்டு பெண்கள் அதை மாறி மாறி வயிற்றோடு அணைத்து அடைகாக்கிறார்கள். சூடு கொடுத்தால்தான் முட்டை பொரியும். இந்த முட்டை சூடு பட்டால் கரையும். தட்டுக்கு அடியில் ஒரு மைக் வைத்திருக்கிறார்கள். முதலில் விட்டுவிட்டு விழுந்த சொட்டு, அரை மணி நேரத்தில் மழைக்கால ஓட்டு வீடு மாதிரி ஆகிவிடுகிறது.

ஒரு அசைவு மட்டும் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முறை மாறும்போது முதல் பெண்ணின் வயிறு குளிரில் சிவந்து போயிருக்கிறது. அடுத்தவள் முட்டையை வாங்கக் கையை நீட்டுகிறாள், நீட்டியவள் நிறுத்துகிறாள். குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் வெறும் தரையில் அழுத்தி, சூடு இறங்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் வாங்குகிறாள். வசனமே கிடையாது. பக்கத்தில் என் இணை மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது.

அடைகாப்பதற்கு நடுவே லேசான் அல்பட்ராஸ் என்ற கடற்பறவையின் கதையைச் சொல்கிறார்கள். ஹவாயின் ஓவாஹூ தீவில் கூடு கட்டிய இணைகளில் 31 விழுக்காடு பெண்ணும் பெண்ணும் என்று 2008இல் ஒரு ஆய்வு வந்தது. அங்கே ஆண் பறவைகள் குறைவு. இரண்டு பெண்களும் முட்டையிட்டாலும் ஒன்றைத்தான் அடைகாக்க முடியும். ஒருத்தியின் முட்டையை இருவரும் சேர்ந்து காக்கிறார்கள். ஆண்-பெண் இணைகளைவிடக் குஞ்சு தேறுவது குறைவுதான், ஆனாலும் தேறுகிறது. இந்தப் பறவைகள் பெருவாரியாக வாழும் மிட்வே என்ற பசிபிக் தீவு, கடல்மட்டத்தைவிடச் சில மீட்டர்தான் உயரம். கடல் ஏறினால் ஒதுங்க ஓவாஹூ போன்ற உயரமான தீவுகள்தான் வேண்டும். அந்தத் தீவில் கூட்டம் பெருகியதில் இந்தப் பெண் இணைகளுக்கும் பங்கு உண்டு. இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்களைப் போன்றவர்களை ஊரெல்லாம் "இயற்கைக்கு மாறானது" என்று சொல்லிக் கேட்டே வளர்ந்தவள் நான்.

நிகழ்வின் உயிர்நாடி அதற்கு அடுத்து வரும் பகுதி. ஒரு குழந்தையைப் பெறாமல் இருந்தால் ஆண்டுக்கு 58.6 டன் கரியமில வாயு மிச்சம் என்று 2017இல் ஒரு ஆய்வு கணக்குப் போட்டது. மேடையில் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், கடைசியில் அது அதட்டல் மாதிரியே ஒலிக்கிறது. பிறகு ஒருத்தி நிதானமாக அந்தக் கணக்கைப் பிரிக்கிறாள். பேரன் பேத்தி, அவர்களுக்குப் பிறகு வருபவர்கள் வெளியிடப்போகும் புகையையும் சேர்த்து இன்றைய பெற்றோர் தலையில் கட்டிய எண் அது. நேற்றுவரை இயற்கையின் பெயரால் உனக்குப் பிள்ளை கூடாது என்றார்கள், இன்றைக்கும் இயற்கையின் பெயரால்தான் கூடாது என்கிறார்கள் என்று அவள் சொன்னபோது அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. நாலு வருடமாக நாங்கள் தட்டுத்தடுமாறிப் பேசிக்கொண்டிருந்தது இதைத்தான்.

குறையும் சொல்ல வேண்டும். கடலாமைப் பகுதி எடுபடவில்லை. மணல் சூடேறினால் பொரிபவை எல்லாம் பெண்ணாகிவிடும், ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளத்திட்டின் வடபகுதியில் இளம் பச்சை ஆமைகளில் 99 விழுக்காடு பெண் என்பது நடுங்க வைக்கும் செய்தி. அதைப் பதிவு செய்த குரலில், திரையில் வரைபடம் போட்டுப் பாடம் மாதிரி நடத்திவிட்டார்கள். புகைக் கருவியும் தேவையில்லை, எனக்கு முன்வரிசையில் ஒருவர் இருமிக்கொண்டே எழுந்து போனார். பணத்தைப் பற்றிப் பேச்சே வராதது எனக்கு வருத்தம். சிகிச்சை, தத்து, வக்கீல் என்று எங்கே திரும்பினாலும் பிள்ளை ஆசை முதலில் முட்டுவது அந்தச் சுவரில்தான். கர்ப்பம் தரித்த ஒரு திருநம்பி (பிறப்பில் பெண் என்று பதியப்பட்ட ஆண்), 'தாயின் பெயர்' என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதிய கதை மூன்றே நிமிடத்தில் முடிந்துபோகிறது. அது தனியாக ஒரு முழு நிகழ்வுக்கு உரியது.

கைக்குழந்தையோடு தாராளமாகப் போகலாம். வாசலிலேயே "அழுதா பரவாயில்லை, வெளியே போக வேண்டாம்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நாங்கள் போன அன்று ஒரு குழந்தை நிஜமாகவே வீறிட்டது. அடைகாத்துக்கொண்டிருந்தவள் தன் முனகலை அந்த அழுகையின் சுருதிக்குக் கொண்டுவந்து, குழந்தை ஓயும்வரை கூடவே பாடினாள்.

முடிந்தால் மேடைக்கு இடப்பக்கம், முதல் மூன்று வரிசையில் உட்காருங்கள். கடைசியில் மிச்சமிருக்கும் முட்டை அந்தப் பக்கமாகத்தான் பார்வையாளர்களிடம் வருகிறது. எங்களிடம் வந்தபோது நெல்லிக்காய் அளவுதான் இருந்தது. நான் தயங்கினேன். என் இணை குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் வைத்தாள்.