ஒன்பது பொங்கல், ஒரு சுருட்டுப் பெட்டி

2016 அக்டோபரில் மச்சான் துபாயிலிருந்து வந்தபோது பார்ட்டகாஸ் சீரி டி நம்பர் 4 என்ற கியூபாச் சுருட்டு ஒரு பெட்டி கொண்டுவந்தார். பெட்டிக்கு 25 சுருட்டு. நம் சுங்கத்தில் வரி கேட்காமல் விடுவதும் ஆளுக்கு 25தான், கணக்கு சரியாக இருந்தது. நான் வருஷத்துக்கு ரெண்டு பிடித்தால் அதிகம். அந்த ரெண்டுக்கே டாக்டர் முகம் சுளிப்பார். பெட்டி எப்படியும் பல வருஷம் வீட்டில் கிடக்கும், கிடக்கிற சரக்கு எப்படி மாறுகிறது என்று பார்த்துவிடலாமே என்று தோன்றியது.

கியூபா ஆலைகளில் ஒரு பெட்டிக்குள் போகும் சுருட்டுகளை நிறம் பார்த்து வரிசைப்படுத்துவார்கள். இடது ஓரத்தில் கருமை, வலப்பக்கம் போகப் போக வெளுப்பு. அடுத்தடுத்த ரெண்டைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ரெண்டு கோடியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் தெரியும். மேல் வரிசையின் அந்த ரெண்டு கோடிச் சுருட்டுகளையும் பிடிப்பதில்லை என்று ஒதுக்கினேன். 2017 பொங்கலிலிருந்து வருஷம் தவறாமல் காலை ஒன்பது மணிக்கு, அதே கிழக்கு ஜன்னல் ஓரத்தில், ஒரு பத்து ரூபாய் நாணயத்தோடு ரெண்டையும் வைத்துப் படமெடுக்கிறேன். நாணயம் எதற்கென்றால், போன் கேமரா தன்னிஷ்டத்துக்கு நிறத்தை மாற்றினால் அது காட்டிக்கொடுத்துவிடும். இது வரை ஒன்பது படம்.

வைத்திருக்கும் இடம்: ஒரு சின்ன மர ஹியூமிடார், அதாவது சுருட்டு காயாமல் ஈரப்பதம் காக்கும் பெட்டி, அது ஒரு ஒயின் கூலருக்குள். மரம் ஸ்பானிஷ் சீடர். பெயரில்தான் சீடர் (தேவதாரு), உண்மையில் அது நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. இப்போது உள்ளே 65 சதவீத ஈரப்பதம், 20 டிகிரி. இந்த நிலைக்கு வந்து சேர மூன்று வருஷமும் சில சுருட்டுகளும் செலவாயின.

முதல் அடி வர்தா புயல். 2016 டிசம்பர் 12. எங்கள் தெருவில் கரண்ட் வர அஞ்சு நாள் ஆனது. அப்போது ஈரப்பதத்தைத் தானே சீராக வைக்கும் பொவேடா பை எல்லாம் தெரியாது, ஹியூமிடாரோடு வந்த பஞ்சில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன், அதுவும் தாராளமாக. கூலர் நின்றுவிட்டது. என்ன ஆச்சோ என்று தினம் ரெண்டு தடவை மூடியைத் திறந்து மழைக்காற்றையும் உள்ளே விட்டேன். மாத முடிவில் நாலு சுருட்டுகளின் பற்றவைக்கும் முனையில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

வெள்ளையைப் பார்த்ததும் எனக்கு ஒரே குஷி. நல்ல சுருட்டு முதிர்ந்தால் அதன் எண்ணெய் வெளியே வந்து வெள்ளைப் பொடியாகப் படியும், 'ப்ளூம்' என்பார்கள், அது உயர்ந்த ரகத்துக்கு அடையாளம் என்று எங்கேயோ படித்திருந்தேன். மூன்று மாதத்தில் நம் சுருட்டு முதிர்ந்துவிட்டது! டார்ச்சை சாய்வாகப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பொடியாக இல்லை. வட்ட வட்டமாக, ஒவ்வொரு வட்டத்திலும் ஊறுகாய் ஜாடியின் மேலே வருமே, அதே பஞ்சு. இதைவிட நல்ல சாட்சி ஹியூமிடாரின் உள்பலகையில் இருந்தது. அங்கேயும் அதே வெள்ளை. பலகைக்குள் ஏது புகையிலை எண்ணெய்? பூசணம், சந்தேகமே இல்லை. உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்து, முனையைக் கொஞ்சம் நறுக்கி, ஒரு வாரம் தனியாக வைத்துத் திரும்பச் சேர்த்தேன். ஹியூமிடாரோடு வந்த தண்ணீர்ப் பஞ்சு குப்பைக்குப் போனது. அதன் பிறகு ப்ளூம் என்று யார் படம் காட்டினாலும், 'பெட்டியின் பலகையைக் காட்டுங்க' என்பதுதான் என் முதல் கேள்வி.

ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டரும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. சோதிக்கும் வழி சுலபம். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கூழாகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் பைக்குள் மூடி ஒரு நாள் வையுங்கள். 75 காட்ட வேண்டும். என்னுடையது 67 காட்டியது. நான் 70 என்று நம்பியிருந்தது 78.

இனி நிறம். எட்டு வருஷத்தில் வெல்லக்கட்டி நிறம் கருப்பட்டி ஆகிவிடும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. இடது கோடிச் சுருட்டின் 2017 படத்தையும் 2025 படத்தையும் பக்கத்தில் வைத்தால் அரைப்படி கருத்திருக்கிறது, அவ்வளவுதான். வலது கோடிதான் நன்றாக மாறியிருக்கிறது. முதல் படத்தில் அதன் நரம்போரம் லேசாகப் பச்சை ஓடும். 2020 படத்தில் அந்தப் பச்சை இல்லை, தேன் நிறமாக ஒரே சீராக வந்துவிட்டது. இன்று ரெண்டு கோடிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நாணயத்தின் உதவி தேவைப்படுகிறது.

நிறத்தைவிடக் கண்ணில் பட்டது பளபளப்பு. புதிதில் நல்லெண்ணெய் தடவிய கை மாதிரி மினுக்கியது. மூன்றாம் வருஷம் அந்த மினுக்கு அடங்கியது, ஐந்தாம் வருஷம் பட்டுப்புடவையின் உள்பக்கம் போல மங்கலாகிவிட்டது. கெட்டுப்போச்சோ என்று பயந்தேன். தொட்டுப் பார்த்தால் மெத்தென்றுதான் இருந்தது. ஆவியாகக்கூடிய எண்ணெய் மெல்லப் போய்விடுகிறது, கூடவே புதுச் சுருட்டின் அமோனியா நெடியும். பிடித்துப் பார்த்ததில் காரம் குறைந்து மணம் நின்றது. ஆனால் வெளித்தோற்றத்தைப் பார்த்து இதை என்னால் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

கடையில் கன்னங்கரேலென்று ஒன்றை நீட்டி 'நல்லா ஏஜ் ஆனது சார்' என்று கூடுதல் விலை சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கருமை பெரும்பாலும் மடூரோ இலையினுடையது. குவித்து வைத்துச் சூட்டில் நீண்ட நாள் புளிக்கவைத்து வருவது, பெட்டியில் கிடந்து வந்ததல்ல. கியூபா பெட்டி என்றால் கவிழ்த்து அடியைப் பாருங்கள். மாதமும் வருஷமும் ஸ்பானிஷ் சுருக்கத்தில் முத்திரையிட்டிருக்கும்.

வேறு சில மாற்றங்கள். உருண்டையாக வந்தவை பெட்டியின் அழுத்தத்தில் லேசாகச் சதுரித்துவிட்டன. சுருட்டைச் சுற்றியிருக்கும் சிவப்புக் காகித வளையம் தளர்ந்து விரலால் தள்ளினால் நகர்கிறது. அதன் அடியில் இலை கொஞ்சம் வெளுப்பாக, மோதிரம் கழற்றிய விரல் மாதிரி. செலோஃபேன் உறையோடு வாங்கிய டொமினிக்கன் சுருட்டு நாலைந்தும் உண்டு. அவற்றில் சுருட்டைவிட உறைதான் வேகமாக மாறியது, ஆறு வருஷத்தில் டீ டிகாக்ஷன் நிறம்.

பெரிய சேதம் 2019 மே மாதம். ஊரில் பத்து நாள் தங்கிவிட்டோம், வீட்டில் ஏசி ஓடவில்லை. என் கூலர் கம்ப்ரசர் இல்லாத ரகம். அறையின் சூட்டைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் குறைக்கும், அதை வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்து திறந்தால் 29 டிகிரி, மூன்று சுருட்டில் குண்டூசியால் குத்தியது போல ஓட்டை, அடியில் மூக்குப்பொடி போலத் தூள். தட்டியதும் செம்பழுப்பாக ஒரு பொடி வண்டு தாளில் விழுந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இது நம்ம மஞ்சள் டப்பாவுல வர்ற வண்டுல்ல?"

அதேதான். புகையிலை வண்டு என்று பேர், மஞ்சள், மிளகாய், கொத்தமல்லி எதையும் விடாது. முட்டை இலையோடே வந்து சும்மா கிடக்கும், சூடு ஏறினால் பொரிக்கும். மூன்றையும் தூக்கிப்போட்டு, மீதியை ஜிப் பையில் இறுக்கி ஃபிரிட்ஜில் ஒரு நாள், ஃப்ரீசரில் மூன்று நாள், மறுபடி ஃபிரிட்ஜில் ஒரு நாள். அந்தக் கடைசி ஒரு நாளுக்குப் பொறுமையில்லாமல் ரெண்டை நேராக மேசையில் எடுத்து வைத்தேன். மேல் இலை நீளவாக்கில் படக்கென்று வெடித்தது. பிறகு கம்ப்ரசர் கூலர் வாங்கினேன்.

மாமனார் திருச்சிக்காரர். உறையூர்ச் சுருட்டைத் தவிர வேறொன்றை வாயில் வைக்கமாட்டார். ஆங்கிலத்தின் 'செரூட்' நம் சுருட்டிலிருந்து போனது என்று அவரிடம் சொன்னால், அதிலென்ன அதிசயம் என்பது போலப் பார்ப்பார். அவர் கொடுத்த ஒரு கட்டையும் தனி டப்பாவில் வைத்துப் பார்த்தேன். ரெண்டு முனையும் திறந்தே இருப்பதால் சீக்கிரம் காய்ந்து, ரெண்டாம் வருஷமே ஓரம் உதிர ஆரம்பித்தது. அவரிடம் காட்டினேன்.

"மாப்ள, சுருட்டுன்னா வாங்குனோமா குடிச்சோமான்னு இருக்கணும். இதப் போயி தொட்டில்ல போட்டு வளக்குறீங்களே."

சொல்லிவிட்டு, வெடித்துக் கிடந்த என் கியூபாச் சுருட்டைக் கையில் வாங்கினார். அடுப்படியில் கேட்டு ஒரு சொட்டுச் சோற்றுக் கஞ்சி வாங்கி, விரல் நுனியால் பிளவின் மேல் நீவி, இலையை மடக்கி ஒட்டினார். பிடித்தபோது பிரியவில்லை. மற்றதை நானே அதேபோல் ஒட்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், மீதியிருக்கும் ஏழில் அதுவும் ஒன்று. கஞ்சி காய்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு பூத்திருக்கிறது. போன பொங்கலுக்குப் பார்க்க வந்த நண்பர் அதைக் காட்டி, 'ப்ளூம்தானே?' என்று கேட்டார்.