பஸ்ஸுக்குப் பை, ரயிலுக்கு வெறும் சைக்கிள்: சில வருட அனுபவம்

என்னுடையது ஸ்டீல் பிரேம் டூரிங் சைக்கிள். 700சி சக்கரம், முழுநீள மட்கார்டு, பின்னால் கேரியர், கேபிள் டிஸ்க் பிரேக். சென்னையிலிருந்து மலைப்பக்கமோ தெற்கேயோ போய் அங்கே ஓட்டுவதுதான் வழக்கம் என்பதால், மிதித்த அளவுக்கு அதைத் தூக்கிச் சுமந்தும் இருக்கிறேன். பை தைக்கும் கடையில் தடித்த நைலான் துணியில் தைத்து வாங்கிய பை ஒன்று சில வருடங்களாக உழைக்கிறது. பஸ்ஸுக்கு அது இல்லாமல் நடக்காது. ரயிலுக்கு அது தேவையே இல்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

முதலில் ரயில். பெட்டிக்குள் நாம் வைத்துக்கொள்ளும் சாமானுக்கு 100 x 60 x 25 செ.மீ. என்று ரயில்வே அளவு வைத்திருக்கிறது. ஏசி மூன்றடுக்கு, ஏசி சேர் காரில் அதுவே 55 x 45 x 22.5 ஆகச் சுருங்கிவிடும். இரண்டு சக்கரத்தையும் கழற்றினாலும் என் சைக்கிள் இதற்குள் அடங்காது. மடக்கு சைக்கிளில் பேர்போன பிராம்ப்டனே மடித்தபின் 27 செ.மீ. கனம் இருக்கும், சட்டப்படி அதுவும் 2 செ.மீ. கூடுதல்தான். டிடிஆர் யாரும் டேப் வைத்து அளப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் பெரிய சைக்கிளோடு அந்தச் சூதாட்டம் வேண்டாம். கதவருகே நிறுத்திவிட்டு இரவெல்லாம் கழிப்பறைக்குப் போகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால் பிரேக் வேன்தான், அதாவது ரயிலோடு வரும் சாமான் பெட்டி. பார்சல் ஆபீசில் பயணச் சீட்டைக் காட்டி ‘லக்கேஜ்’ என்று புக் செய்ய வேண்டும். ‘பார்சல்’ என்று சொல்லிவிடாதீர்கள். லக்கேஜ் என்றால் நாம் போகும் வண்டியிலேயே ஏறும். பார்சல் என்றால் எந்த வண்டியில் இடம் கிடைக்கிறதோ அதில் வரும், நாம் இறங்கி இரண்டு நாள் கழித்தும் வரலாம். வண்டி புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்னதாக ஒப்படைத்தால் போதும் என்பது விதி. நான் இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடுவேன், ஏனென்றால் அங்கே மோட்டார் சைக்கிள் அனுப்புகிறவர்களின் வரிசை இருக்கும். கவுண்டரில் இருப்பவரும் பழக்கதோஷத்தில் “பெட்ரோல் எடுத்தாச்சா, ஆர்.சி. காப்பி எங்கே?” என்பார். ஆதார் நகல் ஒன்றும், முடிந்தால் சைக்கிள் வாங்கிய பில்லின் நகலும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். பெயர், போன் நம்பர், பி.என்.ஆர்., ஏறும் ஊர், இறங்கும் ஊர் எல்லாவற்றையும் அட்டையில் தடித்த மார்க்கரால் எழுதி, பிரேமில் ஒன்று, சீட்டுக்கு அடியில் ஒன்று என இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஒன்று கிழிந்துபோகும்.

இங்கே சைக்கிளைக் கழற்றக் கூடாது என்பேன். முழு சைக்கிளாக இருந்தால் போர்ட்டர் உருட்டிக்கொண்டு போவார், வேனில் ஒரு ஓரமாகச் சாய்த்து வைப்பார். பைக்குள் இருந்தால் அது இன்னொரு மூட்டை. மூட்டைமேல் மூட்டை ஏறும். பெடலை மட்டும் எடுத்துவிடுவேன், அடுத்த வண்டியில் குத்தும். இடது பெடலின் மரை தலைகீழ் என்று குழம்ப வேண்டாம்: ஸ்பேனரை மேல்நோக்கி மாட்டிப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலுமே கழலும். மேல் குழாய்க்கும் பின் கியருக்கும் அட்டை சுற்றிக் கட்டினால் போதும். டயரில் காற்று இருக்கட்டும். ரிம்மை அடியிலிருந்து காப்பது அந்தக் காற்றுதான்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய விஷயம். கிளம்பும் ஊரில் ஏற்றி, கடைசி ஊரில் இறக்குவது மாதிரி பாருங்கள். நடுவே இரண்டு நிமிஷம் நிற்கும் ஸ்டேஷனில் வேனைத் திறந்து, நாலு மூட்டையை நகர்த்தி, உள்ளே இருக்கும் சைக்கிளை எடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். அந்த வகையில் நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு ஈடில்லை. சென்னை சென்ட்ரலில் இரவு கிளம்பி மேட்டுப்பாளையத்தோடு முடிகிறது. காலையில் நிதானமாக இறக்கி, பெடலை மாட்டி, டீ குடித்துவிட்டு நேரே கோத்தகிரி ஏற்றத்தில் ஏறலாம். மூணாறு பக்கம் போகிறவர்களுக்கு, 2023 ஜூனில் சென்னை வண்டி போடிநாயக்கனூர் வரை வரத் தொடங்கியது நல்ல காலம். அங்கிருந்து போடிமெட்டு வளைவுகள் பக்கம்தான். தினசரி வண்டி இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தே பாரத்தில் லக்கேஜ் வேனே கிடையாது, அதை மறந்துவிடலாம்.

பஸ் வேறு உலகம். விதி என்று ஒன்று எழுதியிருக்கலாம், ஆனால் டிக்கி கதவைத் திறப்பவர் வைத்ததுதான் சட்டம். முழு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் “சைக்கிள் ஏத்த மாட்டோம் சார்” என்று தூரத்திலேயே பதில் வரும். அதே சைக்கிளைப் பைக்குள் போட்டுக் கொண்டுபோனால் “என்ன சாமான்?” என்ற கேள்வியாக மாறிவிடும். இந்த ஒரு மாற்றத்துக்காகத்தான் பை. காப்பது இரண்டாம்பட்சம், வெறும் துணி எதைக் காக்கும்?

பஸ் முதலில் கிளம்பும் இடத்திலேயே ஏறுங்கள். ஆம்னி பஸ்களின் டிக்கியில் பயணிகளின் பெட்டிகளோடு பார்சலும் ஏறும். கிளாம்பாக்கத்தில் காலியாக இருப்பது செங்கல்பட்டில் காலியாக இருக்காது. தெற்கிலிருந்து திரும்பும்போது தோவாளைப் பக்கத்துப் பூக்கூடைகளோடும் இடத்துக்குப் போட்டி வரலாம். கிளீனரிடம் கட்டணத்தை முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு, நானே உள்ளே தள்ளி வைப்பேன். செயின் இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு பஸ்ஸில் வழியில் யாரோ அதைப் புரட்டிப் போட்டு, கியர் ஹேங்கர் (பின் கியரை பிரேமோடு பிடித்திருக்கும் துண்டு) உள்பக்கம் வளைந்து வந்தது. அதற்குப் பிறகு பின் கியரை 5 எம்.எம். அலன் கீயால் கழற்றி, துணியில் சுற்றி, பிரேமுக்கு உள்ளே கட்டிவிடுகிறேன். ஐந்து நிமிஷ வேலை. ஊர்களுக்கு நடுவே ஓடும் அரசு டவுன் பஸ்ஸில் கூட்டமில்லாத நேரமும் நல்ல கண்டக்டரும் அமைந்தால் லக்கேஜ் டிக்கெட் போட்டுப் பின்பக்கம் வைக்க விடுவார்கள், எப்போதும் நடக்கும் என்று நம்பித் திட்டம் போட முடியாது.

பைக்குள் போடுவதற்காகச் சக்கரம் கழற்றியதும் முன் போர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் முட்டு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே பாரம் விழுந்தால் உள்ளே நசுங்கும். புது சைக்கிள்களோடு கடைக்கு வரும், கேட்டால் சும்மாவே தருவார்கள். டிஸ்க் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டை. ஆயில் பிரேக் உள்ளவர்கள் லீவரைத் தவறி அழுத்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், அவர்களுக்கு இது கட்டாயம்.

கெட்டிப் பெட்டி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஓரிடத்தில் இறங்கி வேறிடத்தில் ஏறும் பயணத்தில் அந்தப் பெட்டியை எங்கே விட்டுவைப்பீர்கள்? அட்டைப்பெட்டி பரவாயில்லை, சைக்கிள் கடையில் முந்தின நாளே சொல்லிவைத்தால் கிடைக்கும். போன ஊரில் திரும்ப ஒன்று தேட வேண்டும். என் பை சுருட்டினால் ஹேண்டில்பாரில் தொங்கும், சுமார் ஒரு கிலோ. முதலில் கெட்டுப்போனது ஜிப்தான். அதை எடுத்துவிட்டு வாயில் கயிறு கோர்த்துச் சுருக்குப் போட்டுக்கொண்டேன், இன்றுவரை பிரச்சினையில்லை. தோளில் மாட்டும் பட்டை இரண்டாம் முறை அகலமாகத் தைத்தது. இப்போது அடிப்பக்கம், கேரியர் உரசும் இடம், நைந்துவிட்டது. அங்கே மட்டும் ரெக்சின் ஒட்டு வைக்கச் சொல்லிப் பையைக் கடையில் கொடுத்திருக்கிறேன், முந்நூறு ரூபாய் கேட்கிறார்.