சன்னபட்டணா மரக் கூஜா

பெங்களூரு–மைசூரு சாலையில், சன்னபட்டணாவில் ஒரு சின்னக் கடைசல் பட்டறையில் அலங்கார டீ கூஜா வாங்கினேன். டீ ஊற்ற அல்ல, அலமாரிக்கு.

வெட்பாலை மரம், நல்ல லேசு. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினார்கள். உரசும் சூட்டில் அது உருகி மஞ்சளாகப் படிந்தது. அப்புறம் தாழை மடலால் தேய்த்ததும் வந்த பளபளப்பை நாள் முழுக்கப் பார்க்கலாம்!

மூடி கச்சிதம். மூக்கைத் தனியாகக் கடைந்து ஒட்டியிருக்கிறார்கள், அந்த இணைப்பில் மயிரிழை இடைவெளி. கைப்பிடி செதுக்கலிலும் உட்புறம் கொஞ்சம் சொரசொரப்பு. வாங்கும்போதே விரலால் தடவிப் பாருங்கள். இருந்தாலும் அம்மாவுக்கு இன்னொன்று, சிவப்பில், சொல்லிவிட்டு வந்தேன்.