கிருஷ்ணகிரி பழையபேட்டை டீக்கடை: பக்கவாதம் வந்தவரைக் கூட்டிப் போகலாமா?

போகலாம், காலை பத்து மணிக்கு மேல். அதற்கு முன் நிற்கவே இடமிருக்காது. டீ சுமார்தான், சர்க்கரை தூக்கல்.

அப்பாவுக்கு மூளையின் இடப்பக்கம் அடைப்பு. வலது கை விளங்கவில்லை. நாம் பேசுவது புரியும், பதில்தான் வாயில் வராது. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021-ல் நம்ம சாமனப்பள்ளியில் தொடங்கியதுதான்) வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் நடக்க வைத்துவிட்டார். நடந்து எங்கே போவது? சொந்தக்காரர்களோ அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே "அப்பா எப்படி இருக்கார்?" என்று என்னைக் கேட்கிறார்கள்.

கடைக்காரர் அப்படியில்லை. "வாத்தியாரே, டீயா காபியா?" என்று கேட்டுவிட்டு ஆற்றிக்கொண்டே நிற்பார். அப்பா "கா... கா..." என்று முக்கி முடிக்கும்வரை என் பக்கம் திரும்பவே மாட்டார். டம்ளரில் முக்கால்தான் ஊற்றி, இடது கைப்பக்கம் வைப்பார். மாங்கூழ் ஆலைக்காரன் பெங்களூரா மாங்காய்க்குத் தரும் விலை பற்றிய சண்டையில் அப்பாவும் இப்போது ஒரு கட்சி; பெஞ்சைத் தட்டியே எதிர்ப்பைச் சொல்லிவிடுகிறார்.

குறைகள்: வாசற்படி உயரம், பிடிக்கக் கம்பியில்லை. கழிப்பறை கிடையாது. பெஞ்சுக்குச் சாய்மானம் இல்லை, சுவரோரமாக உட்கார வையுங்கள். காசை நீங்கள் கூட்டிப் போகிறவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், அவரே கட்டட்டும். கல்லாவில் அவசரப்படுத்த மாட்டார்கள்.