டிடி ஃப்ரீ டிஷ்ஷில் எச்டி: வாங்கலாமா, எப்படிப் பொருத்துவது?

மாதாமாதம் ரீசார்ஜ் செய்யாமல் செயற்கைக்கோள் தொலைக்காட்சி பார்க்க விரும்புவோருக்குப் பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ்தான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய தேர்வு. 2004 டிசம்பரில் ‘டிடி டைரக்ட் பிளஸ்’ என்ற பெயரில் தொடங்கிய சேவை இது. டிஷ், எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று அலைகளை வாங்கும் கருவி), செட்-டாப் பாக்ஸ், ஒயர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2,000 ரூபாய் ஆகும். அதோடு செலவு முடிந்தது. சரியான பாக்ஸ் வாங்கினால் படத்தின் தரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. எச்டி சேனல்கள் மிகக் குறைவு, இந்திச் சேனல்களே மிகுதி என்பவைதான் பெரிய குறைகள். தமிழ்ச் சேனல்களுக்காக மட்டும் வாங்குவோர் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

படம் வரும் வழி எளியது. தில்லியில் உள்ள தோடாபூர் நிலையத்திலிருந்து அலைகள் மேலே போகின்றன. ஜிசாட்-15 அவற்றை வாங்கி, அலைவரிசையை மாற்றி, வலுவேற்றி இந்தியா முழுக்கத் திருப்பி அனுப்புகிறது. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் ஏவப்பட்ட செயற்கைக்கோள் அது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு 93.5 பாகையில், சுமத்ராவுக்கு மேற்கே கடலின் மேல் நிற்கிறது. அந்த உயரத்தில் ஒரு சுற்று முடிக்க ஆகும் நேரமும் பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரமும் ஒன்று. அதனால்தான் வானத்தில் அசையாமல் நிற்பதுபோல் தெரிகிறது. டிஷ்ஷையும் ஒருமுறை திருப்பி வைத்தால் போதுமானதாக இருக்கிறது.

எச்டி சேனல் ஏன் குறைவு? சாதாரணப் படம் 720 × 576 புள்ளிகள். எச்டி 1920 × 1080. அதாவது சரியாக 5 மடங்கு. சுருக்காமல் அனுப்பினால் ஒரு எச்டி சேனலுக்கே நொடிக்கு 800 மெகாபிட்டுக்கு மேல் வேண்டும். ஃப்ரீ டிஷ்ஷின் பழைய டிவிபி-எஸ் முறையில் ஒரு டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் அலைகளை வாங்கித் திருப்பி அனுப்பும் பகுதி) சுமப்பதோ ஏறத்தாழ 40 மெகாபிட்தான். எம்பெக்-2 முறையில் சுருக்கினால் அதில் சுமார் 20 சாதாரணச் சேனல்கள் அடங்கும். எச்டிக்கு எம்பெக்-4 சுருக்கமும் டிவிபி-எஸ்2 அனுப்பும் முறையும் வந்த பிறகுதான் இடம் கிடைத்தது. அப்போதும் ஒரு எச்டி சேனல் பல சாதாரணச் சேனல்களின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. தனியார் சேனல்களுக்கு இடத்தை ஏலம் விட்டு வருமானம் பார்க்கும் சேவையில் எச்டிக்குக் கொஞ்சமே மிஞ்சுகிறது.

ஆகவே கடையில் பாக்ஸ் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “எம்பெக்-4, டிவிபி-எஸ்2 இரண்டும் எடுக்குமா?” அட்டைப்பெட்டியில் ‘எச்டி’ என்றிருப்பதையோ பின்னால் எச்டிஎம்ஐ துளை இருப்பதையோ நம்ப வேண்டாம். எச்டிஎம்ஐ இருந்தும் உள்ளே எம்பெக்-2 மட்டும் படிக்கும் சில்லு கொண்ட மலிவுப் பாக்ஸ்கள் உண்டு. எம்பெக்-4 பாக்ஸ் பழைய சேனல்களையும் காட்டும். பழைய பாக்ஸ் புதியவற்றைக் காட்டாது. மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஏவி ஒயரில் இணைத்தால் எந்தப் பாக்ஸும் சாதாரணப் படம்தான் தரும். எச்டிஎம்ஐ ஒயரைப் போட்டு, பாக்ஸ் அமைப்பில் 1080-ஐத் தேர்ந்தெடுங்கள்.

பொருத்துவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அது சாய்ந்தால் மற்ற அளவுகள் எல்லாம் பொய்யாகும். டிஷ் பார்க்க வேண்டிய திசை தென்கிழக்கு. வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் சென்னைக்கு 134 பாகை, மதுரைக்கு 122, கோவைக்கு 123. ஏற்றக்கோணம், அதாவது தரைமட்டத்திலிருந்து மேல்நோக்கிய கோணம், முறையே 68, 69, 67. கைபேசித் திசைகாட்டியை இரும்புக் குழாயருகே வைத்தால் தவறு காட்டும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். 60 சென்டிமீட்டர் டிஷ் ஆஃப்செட் வகை என்பதால், அதன் முகம் பார்க்கும் கோணத்தைவிட 25 பாகை அளவு மேலே அது கவனிக்கிறது. முகம் 45 பாகை வாக்கில் நின்றாலே சரி. வானத்தைப் பார்த்து மல்லாத்தி வைக்க வேண்டியதில்லை. ஏற்றக்கோணம் அதிகம் என்பதில் ஒரு வசதியும் உண்டு: தென்கிழக்கே டிஷ்ஷைவிட 3 மீட்டர் உயர்ந்த சுவர் இருந்தாலும் ஒன்றரை மீட்டர் விலகி வைத்தால் மறைக்காது.

பாக்ஸில் எல்என்பி வகையை யுனிவர்சல் (9750/10600) என்று வைத்து, அலைவரிசை 11590, வெர்டிகல் (அலை செங்குத்தாக அதிரும் வகை), சிம்பல் ரேட் (தகவல் வரும் வேகம்) 29500 கொடுங்கள். எல்என்பி 11590-இலிருந்து 9750-ஐக் கழித்து 1840 மெகாஹெர்ட்ஸாக்கி ஒயரில் இறக்கும். திரையில் இரண்டு பட்டைகள் தெரியும். ‘ஸ்ட்ரெங்த்’ பட்டை எல்என்பியின் இரைச்சலையும் சேர்த்தே காட்டும். அது 80 இருந்தும் ‘குவாலிட்டி’ பூஜ்யம் என்றால் டிஷ் வெற்று வானத்தையோ அருகிலுள்ள வேறு செயற்கைக்கோளையோ பார்க்கிறது. 91.5 பாகையிலும் 95 பாகையிலும் அண்டை வீட்டார் இருக்கிறார்கள். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் விளிம்பு 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு பாகை போய்விடும். அதனால் கொஞ்சம் திருப்பி, இரண்டு நொடி பொறுத்து, மறுபடி திருப்புங்கள். பாக்ஸ் சிக்னலைப் பிடிக்க அந்த அவகாசம் தேவை. குவாலிட்டி வந்தபின் எல்என்பியை அதன் பிடிக்குள் மெல்லச் சுழற்றுங்கள். செயற்கைக்கோள் நமக்குக் கிழக்கே நிற்பதால் அதன் ‘செங்குத்து’ நம் ஊரில் சாய்வாக வந்து சேர்கிறது. பலர் விட்டுவிடும் வேலை இது. மழைக்காலத்தில் கைகொடுப்பதும் இதுதான்.

ஒயர் ஆர்ஜி-6 ஆக, 30 மீட்டருக்குள் இருக்கட்டும். ஒயர் முனையில் மாட்டும் எஃப் கனெக்டரில் நடுக்கம்பி 2–3 மில்லிமீட்டர் வெளியே நிற்க வேண்டும்; வலைக்கம்பியின் ஒரு இழை அதைத் தொட்டாலும் எல்என்பிக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும். எல்என்பிக்குக் கீழே ஒயரை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் மழைநீர் கனெக்டருக்குள் இறங்காமல் வழிந்துவிடும்.

கனமழையில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்பது எந்த டிடிஎச்சிலும் உண்டு. இந்த அலையின் நீளம் 2.6 சென்டிமீட்டர்தான், மழைத்துளிகள் அதை விழுங்கிவிடும். தூறலுக்கே நின்றால் டிஷ் சரியாகத் திரும்பவில்லை, அல்லது கனெக்டரில் நீர் இறங்கியிருக்கிறது. மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாள்கள், காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிடம், வெயிலிலேயே சிக்னல் போகும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து தன் இரைச்சலால் அதை மூழ்கடிக்கும் நேரம் அது. அப்போது ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏற வேண்டாம்.