ஜொகூர், மலாக்கா, பாத்தாம்: சிங்கப்பூர்த் தம்பதிக்கு வார இறுதியில் எது தேறும்?

சிங்கப்பூரில் ஒருவர் எம்ப்ளாய்மென்ட் பாஸிலும் (வேலை அனுமதி) மற்றவர் டிபெண்டன்ட் பாஸிலும் (துணைக்கான அனுமதி) இருக்கும் இளம் தம்பதிகளுக்குச் சனிக்கிழமை வந்தால் அதே மூன்று பெயர்கள்தான்: ஜொகூர் பாரு, மலாக்கா, பாத்தாம். எங்கே என்ன பார்க்கலாம் என்று பட்டியல் போடுபவர்கள் ஏராளம். ஆனால் இந்த மூன்றுக்குமான உண்மையான வித்தியாசம் எல்லையில் இருக்கிறது. வரிசையில் எத்தனை மணி நேரம் போகும், விசாவுக்கு எவ்வளவு, திரும்பும்போது சுங்கத்தில் என்ன கேட்பார்கள்? இவற்றைக் கணக்குப் போட்டால் தேர்வு பாதி முடிந்துவிடும். இங்கே சொல்வது இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கான கணக்கு.

விசாவும் காகிதமும்

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை. ஆகவே ஜொகூருக்கும் மலாக்காவுக்கும் விசாச் செலவு பூஜ்யம். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை மட்டும் ஒவ்வொரு முறையும் நிரப்ப வேண்டும். வருகைக்கு மூன்று நாளுக்குள் நிரப்பினால்தான் ஏற்கும். போன மாதம் நிரப்பியது இந்த மாதத்துக்கு ஆகாது. இது இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் இதற்குக் கட்டணம் கேட்கும். அவற்றை மூடிவிட்டு மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்துக்குப் போங்கள்.

பாத்தாம் இந்தோனேசியா. அங்கே வருகை விசா ஒருவருக்கு 5 லட்சம் ரூப்பியா, அதாவது ஏறத்தாழ 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஒரு நுழைவுக்கு மட்டுமே செல்லும். 30 நாள் தங்க அனுமதி இருந்தாலும் 36 மணி நேரத்தில் திரும்பிவிட்டால் மிச்ச நாளைச் சேமித்து வைக்க முடியாது, அடுத்த முறை மறுபடி 40 வெள்ளி. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். படகு நிறுவனம் செக்கின் செய்யும்போதே அதைப் பார்த்துவிடும். விசாவை இணையத்தில் முன்பே வாங்கி வைத்தால் இறங்கியதும் ஒரு வரிசை குறையும்.

புதிதாக வந்த துணைக்கு ஓர் எச்சரிக்கை. டிபெண்டன்ட் பாஸ் இன்னும் கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதமாக மட்டும் இருந்தால் எந்தப் பயணமும் வேண்டாம். அந்தக் கடிதம் ஒரே ஒரு நுழைவுக்குத்தான். பாஸ் முறையாக வழங்கப்பட்ட பிறகே எல்லை தாண்டுங்கள். பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் புது எண்ணை மனிதவள அமைச்சில் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் தானியங்கி வாயில் திறக்காது.

போக்குவரத்து: பணமா, நேரமா?

ஜொகூரில்தான் செலவு குறைவு; ஏமாற்றமும் அங்கேதான் அதிகம். இரு கரையையும் இணைக்கும் கடல்மேல் சாலையான உட்லண்ட்ஸ் காஸ்வே ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் விடுமுறைக் காலத்தில் உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டு சோதனைச்சாவடிகளையும் சேர்த்து ஒரே நாளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடக்கிறார்கள். வெள்ளி மாலை 5 முதல் 9, சனி காலை 7 முதல் 11, ஞாயிறு மாலை 3-க்குப் பிறகு: இந்த மூன்று நேரங்களில் பேருந்தில் போனால் அந்த ஒரு கிலோமீட்டர் இரண்டு மணி நேரத்தை விழுங்கலாம். முன்பு ஞாயிற்றுக்கிழமை ஜொகூருக்கு வேலை நாள், அதனால் அங்கே கூட்டம் சற்றுத் தணிந்திருக்கும். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரும் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது. ‘ஞாயிறு காலியாக இருக்கும்’ என்ற பழைய யோசனையை இன்னும் நம்பிப் போகிறவர்கள் மால் வாசலில் நிற்கிறார்கள்.

இதற்கு ஒரு வழி தெப்ராவ் ரயில். உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் நிலையம் ஐந்தே நிமிடம். போகும்போது 5 வெள்ளி, வரும்போது 5 ரிங்கிட். இருவருக்கும் போக வர 13 வெள்ளியில் முடியும். போகும்போது இரு நாட்டுக் குடிநுழைவும் உட்லண்ட்ஸிலேயே முடிவதால் அந்தப் பக்கம் இறங்கி நேரே வெளியே நடக்கலாம். சிக்கல் டிக்கெட்டில்தான். வார இறுதி இருக்கைகள் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். இரு வழியும் ஒரே நேரத்தில் வாங்குங்கள். போக மட்டும் வாங்கி ‘வரும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் ஞாயிறு இரவு பேருந்து வரிசைதான். இரு நாட்டையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் நார்த் – புக்கிட் சாகார் ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கினால் இந்தப் பாடு தீரும். 2026 இறுதி என்பது அதன் இலக்கு.

பேருந்தில் போவதென்றால் சோதனைச்சாவடியில் எல்லாப் பைகளோடும் இறங்க வேண்டும். 160, 170, 950, மஞ்சள் நிறக் காஸ்வே லிங்க் போன்ற அடுத்தடுத்து வரும் பேருந்துகளில் கவலை இல்லை, அதே நிறுவனத்தின் அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். மலாக்கா வரை போகும் நேரடிப் பேருந்து அப்படியல்ல. ஓட்டுநர் ஓரளவுதான் காத்திருப்பார், பிறகு கிளம்பிவிடுவார். இறங்கும்போதே வண்டி எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கழிப்பறை, பண மாற்று எல்லாம் குடிநுழைவு முடிந்த பிறகு, பேருந்தைக் கண்ணால் பார்த்த பிறகு.

மலாக்கா சுமார் 240 கிலோமீட்டர். நேரடிப் பேருந்தில் நெரிசல் இல்லாவிட்டால் நான்கு மணி நேரம். துவாஸ் வழியாகப் போகும் வண்டி கிடைத்தால் அதை எடுங்கள், பொதுவாக உட்லண்ட்ஸை விட அங்கே நகர்வு பரவாயில்லை. சிங்கப்பூரில் வாங்கும் டிக்கெட் ஒரு வழிக்கு 25 முதல் 30 வெள்ளி ஆகும். சிக்கனக்காரர்கள் 170 பேருந்தில் ஜொகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையம் போய் அங்கிருந்து ரிங்கிட்டில் வாங்குவார்கள். லார்க்கினிலிருந்து மலாக்கா மூன்று மணி நேரம், கட்டணம் 25 ரிங்கிட்டை ஒட்டி இருக்கும். இருவருக்கும் போக வர 60 வெள்ளிக்கு மேல் மிச்சம். அதற்கு விலை, லார்க்கினில் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு மாற்றம். ஆனால் வண்டி விட்டுவிட்டுப் போகும் பயம் இதில் இல்லை. எல்லையைத் தாண்டிய பிறகுதானே டிக்கெட்டே வாங்குகிறீர்கள்! ரயிலை நினைக்க வேண்டாம். மலாக்கா நகருக்குள் ரயில் கிடையாது, பக்கத்து நிலையமான பூலாவ் செபாங் முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

வாடகைக் கார் நான்கு பேருக்குத்தான் கட்டும். வெளிநாட்டுக்குக் கொண்டு போக வாடகை நிறுவனத்தின் அனுமதி, தனிக் கட்டணம், சாலைக் கட்டணத்துக்கான டச் அண்ட் கோ அட்டை, வெளிநாட்டு வண்டிக்கான மலேசிய விஇபி பதிவு எல்லாம் வேண்டும். சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது தொட்டி முக்கால் நிறைந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் மானிய விலை ரான் 95 பெட்ரோல் வெளிநாட்டு வண்டிக்குக் கிடையாது, 97-தான் போட வேண்டும்.

பாத்தாம் படகு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். சுற்றுக் கட்டணம் ஒருவருக்கு 70 – 80 வெள்ளி. விசாவையும் கூட்டினால் ஹோட்டலுக்கு முன்பே ஒரு ஜோடிக்கு 220 – 240 வெள்ளி காலி. இதே பணத்தில் மலாக்காவில் பழைய கடைவீட்டு விடுதி ஒன்றில் ஓரிரவு தங்கி, சாப்பிட்டு, திரும்பியே வந்துவிடலாம். பாத்தாமில் ஹோட்டலும் மசாஜும் மலிவு என்பது உண்மை. ஆனால் அந்த மலிவு, படகுக்கும் விசாவுக்கும் கொடுத்ததை ஈடுகட்டுவதற்கு இரண்டு இரவாவது வேண்டும்.

பாத்தாமில் நேரக் குழப்பம் வேறு. அங்கே மணி சிங்கப்பூரைவிட ஒன்று பின்னால். திரும்பும் டிக்கெட்டில் 5 மணி என்றால் அது பாத்தாம் 5. ஒரு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு சிங்கப்பூரில் இறங்கும்போது மணி 7. நொங்சா பக்கக் கடற்கரையில் சில ஃபோன்கள் சிங்கப்பூர் சிக்னலைப் பிடித்து அந்த நேரத்தையே காட்டும். ரோமிங் கட்டணமும் அதில் குழம்பும். தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கடல் கொந்தளிக்கும். குமட்டல் உள்ளவர்கள் கீழ்த்தளத்தில் நடுவிலோ பின்னாலோ உட்கார்ந்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும்.

துணிமணி: எங்கே எதை வாங்கலாம்?

பெரும்பாலான ஒப்பீடுகள் ‘ஷாப்பிங் நன்றாக இருக்கும்’ என்ற ஒரு வரியில் இதைக் கடந்துவிடும். ஆனால் மூன்று ஊரும் மூன்று விதமான கடை.

ஜொகூர் தையலுக்கு. ஜாலான் உங்கு புவான் லிட்டில் இந்தியாவில் புடவை ரவிக்கை, சல்வார் தைக்கக் கொடுக்கலாம். கூலி சிங்கப்பூரைவிடக் குறைவு. அளவு ரவிக்கை ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். நிச்சயம் ஒரு திருத்தம் வரும், அதற்காக இரண்டாம் தடவை போக வேண்டும் என்று கணக்கில் வையுங்கள். அடிக்கடி போய் வரக்கூடிய ஊரில் மட்டுமே தைக்கக் கொடுப்பது சரி. மலாக்காவில் அழகான கெபாயா (பூவேலை செய்த மேல்சட்டை) தைக்கும் கடைகள் உண்டு, ஆனால் கைக்குழி இறுக்கமாக வந்துவிட்டால் அதைச் சரிசெய்ய 240 கிலோமீட்டர் போவீர்களா?

மலாக்காவில் ஆயத்தமாக வாங்குங்கள்: நியோன்யா கெபாயா, பத்திக் சாரோங் (இடுப்பில் சுற்றும் துணி), மணி கோத்த காசுட் மானேக் செருப்பு. கெபாயாவை 2024-ல் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஐந்தும் சேர்ந்து யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏற்றின. அதன் பிறகு ‘கைத்தையல்’ என்ற சொல் கடைக்காரர்கள் வாயில் தாராளமாக வருகிறது. பூவேலையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். காகித விறைப்போடு அடித்துணி ஒட்டியிருந்து, எல்லாப் பூவும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் கணினித் தையல். அதுவும் உடுத்தத் தகாததல்ல, ஆனால் அதற்கான விலையைத்தான் கொடுக்க வேண்டும். மணிச் செருப்பில் மணி எவ்வளவு பொடியோ அவ்வளவு விலை. கையால் கோத்தது பல நூறு ரிங்கிட் போகும். மழையில் போடவே கூடாது. அடித்தோல் ஊறினால் விட்டுவிடும்.

பத்திக்கை எடைபோட எளிய சோதனை உண்டு. மெழுகிட்டுச் சாயம் ஏற்றிய துணியில் இரு பக்கமும் நிறம் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். அச்சடித்ததில் பின்பக்கம் வெளிறியிருக்கும். பாத்தாமின் நகோயா ஹில் மாலில் கிடைப்பதில் பெரும்பகுதி அச்சு. நல்ல சரக்கு ஜாவாவிலிருந்து வருவது, அதற்கு விலையும் அப்படி. துலிஸ் என்றால் கையால் வரைந்தது, சாப் என்றால் செப்பு அச்சால் மெழுகிட்டது. வரைந்ததில் கோடுகள் சற்றே தடுமாறும். அதுதான் அதன் அடையாளம். சாரோங் துணி பெரும்பாலும் இரண்டு மீட்டர் சொச்சம், அகலம் ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும். குர்த்தி தைக்க நினைத்தால் கை நீளத்தைக் குறைக்க வேண்டி வரும். வீட்டில் முதல் நான்கைந்து துவைப்பு தனியாக, குளிர்ந்த நீரில், முறுக்காமல், நிழலில். ஜாவாவில் பத்திக்குக்கு லெராக் என்ற காயின் நுரையைப் பயன்படுத்துவார்கள். அது நம் பூந்திக்கொட்டையின் இனம்தான், ஊரிலிருந்து வந்த பொட்டலம் வீட்டில் இருந்தால் அதுவே போதும்.

திரும்பும்போது சுங்கம்

பலர் தவறாக நினைத்திருப்பது இங்கேதான். 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தால் 100 வெள்ளி, அதற்கு மேல் 500 வெள்ளி வரை ஜிஎஸ்டி விலக்கு என்று எல்லாரும் சொல்வார்கள். அது குடிமக்கள், நிரந்தரவாசிகள், சுற்றுலாப் பயணிகளுக்கு. வேலை பாஸ், டிபெண்டன்ட் பாஸ், மாணவர் பாஸ், நீண்டகாலப் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்த விலக்கு கிடையாது. வாங்கிய பொருளின் முழு மதிப்புக்கும் 9 விழுக்காடு. சுங்கத் துறையின் ஆப்பில் எல்லை வரும் முன்பே கட்டிவிடலாம், ரசீதுகளை வைத்திருங்கள். மதுவுக்கு மலேசியாவிலிருந்து வந்தால் சலுகையே இல்லை. பாத்தாமிலிருந்து வந்தாலும் 48 மணி நேரம் வெளியே இருந்திருக்க வேண்டும். சனி காலை போய் ஞாயிறு மாலை திரும்புபவர் அதில் தேறமாட்டார். சிகரெட், சூயிங்கம், வேப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

சாப்பாடும் சுற்றலும்

மலாக்கா பழைய நகரம் நடந்தே முடியும். 1753-ல் கட்டி முடித்த கிறிஸ்து தேவாலயம், செயின்ட் பால் குன்று, ஆற்றங்கரை எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கம். ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும். தமிழர்களுக்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு. ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் 1781-ஆம் ஆண்டின் பொய்யாத விநாயகர் கோயில், கம்போங் கிலிங் பள்ளிவாசல், செங் ஹூன் தெங் சீனக் கோயில் மூன்றும் சில நிமிட நடையில். காஜா பெராங்கில் மலாக்கா செட்டிகளின் கம்போங் (கிராமம்). மலாய் பேசி, சாரோங் கெபாயா உடுத்தி, சைவ வழிபாட்டை விடாத சமூகம் அது. மூன்று வழிபாட்டிடங்களையும் ஒரே நடையில் பார்க்க முழங்கால், தோள் மறையும் பருத்தி உடையும் எளிதாகக் கழற்றும் செருப்பும் போதும்.

சைவ உணவுக்காரர்களுக்குப் பெரிய இடைஞ்சல் பெலாச்சான், இறால் விழுது. கீரைப் பிரட்டலிலும் சம்பாலிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். ‘தக் மாவு பெலாச்சான்’ என்று சொல்லிவிடுங்கள். பாத்தாமில் அதன் பெயர் தெராசி. காடோ காடோ கடலைச் சாறிலும் இருக்கலாம். ஜொகூரிலும் மலாக்காவிலும் வாழையிலைக் கடை கைவசம் உண்டு. பாத்தாம் கடலுணவுக்காரர்களின் ஊர்.

பாத்தாமுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டுமென்றால் அது பாரெலாங். ஆறு பாலங்கள் தீவுக்குத் தீவு தாவிப் போகின்றன. கடைசியில் காலாங் தீவில் 1979 முதல் 1996 வரை வியட்நாம் அகதிகள் இருந்த முகாமின் மிச்சங்கள். நாள் வாடகைக்குக் கார் பிடித்தால்தான் சரி. துறைமுக வாசலில் ஆப் வண்டிகளை உள்ளூர் டாக்சிக்காரர்கள் விடமாட்டார்கள், சற்று வெளியே நடந்து ஏற வேண்டும்.

எங்கள் வரிசை

சாதாரண வார இறுதிக்கு மலாக்கா. சனி காலை 6 மணி வண்டி, ஓரிரவு, ஞாயிறு காலை 11-க்குள் கிளம்பல். மதியம் தாண்டினால் எல்லையில் மாட்டுவீர்கள். அறை வாடகையோடு வெளிநாட்டவருக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி. ஜொகூருக்கு ஒரு நாள் போதும், அதுவும் ரயில் டிக்கெட் இரு வழியும் கிடைத்தால் மட்டும்; கிடைக்காவிட்டால் வேலை நாளில் விடுப்பு எடுத்துப் போவது மேல். பாத்தாமை மூன்று நாள் விடுமுறைக்கு ஒதுக்குங்கள். அந்த வாரங்களில் காஸ்வே நகராது, படகு நகரும். ஆனால் படகு டிக்கெட்டும் அப்போதுதான் முதலில் தீரும், பொது விடுமுறைப் பட்டியல் வெளியான வாரத்திலேயே பதிவு செய்யுங்கள்.