ஆஸ்திரேலியாவுக்குத் தபால் எந்த வழியாகப் போக வேண்டும்? நாற்பது ஆண்டுச் சண்டை

உலக உருண்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிரிட்டனுக்கு ஏறக்குறைய நேர் அடியில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கிடக்கின்றன. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரத்தில் பெரிய மிச்சம் கிடையாது. அப்படியானால் தபால் கப்பலை எந்தப் பக்கம் அனுப்புவது? 1850-களில் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் லண்டனும் அந்தக் காலனிகளும் இதற்காக மல்லுக்கட்டின. களத்தில் இருந்த வழிகள் நான்கு: ஆப்பிரிக்காவைச் சுற்றும் கேப் வழி, எகிப்தைக் குறுக்கே கடக்கும் சூயஸ் வழி, பனாமா, சான் பிரான்சிஸ்கோ. பின்னாளில் குயின்ஸ்லாந்து தனக்கென்று ஒரு கிளை வழியும் கேட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தபால் ஒப்பந்தம் என்றால் கடிதத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதல்ல. ஆண்டுக்கு இவ்வளவு பவுன் மானியம் என்று பேசி, குறித்த நாளில் கிளம்ப வேண்டும், குறித்த நாளில் சேர வேண்டும், தவறினால் அபராதம் என்று கட்டிப்போடுவது. அன்றைய நீராவிக் கப்பல் நிலக்கரியை விழுங்கித் தள்ளியதால், பயணிகளையும் சரக்கையும் மட்டும் நம்பி இத்தனை நீண்ட கடல்வழியில் ஓட்ட முடியாது. மானியம்தான் உயிர்நாடி. 1860 வரை இந்த ஒப்பந்தங்களைப் போட்டது தபால் துறைகூட அல்ல, கடற்படைத் தலைமையகம். போர் வந்தால் இதே கப்பல்கள் படைக்குப் பயன்படும் என்பது அவர்கள் கணக்கு.

கேப் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விக்டோரியாவில் தங்கம் கிடைத்த மறு ஆண்டு, 1852-ல், ஆஸ்திரேலியன் ராயல் மெயில் என்ற புதிய கம்பெனி இந்த வழியில் ஓட முன்வந்தது. மானியம் குறைவு, கப்பல்கள் புதியவை, வழியில் நிலக்கரி ஏற்பாடு அரைகுறை. அடுத்த ஆண்டே கதை முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், தெற்குக் கடலின் பலத்த மேலைக்காற்றில் பாய் விரித்து ஓடிய கிளிப்பர் கப்பல்கள் இந்த வழியில் நீராவியையே வெட்கப்பட வைத்தன. கிரிமியப் போருக்காக நீராவிக் கப்பல்கள் படைவேலைக்குப் போனபோது, லிவர்பூலின் பிளாக் பால் நிறுவனம் 65 நாளில் சேர்ப்போம், தாமதமானால் நாளுக்கு 100 பவுன் அபராதம் என்று பாய்க்கப்பல்களை நம்பியே தபால் ஏற்றது. போகும்போது சரி. காற்றுக்கு நேரம் காலம் தெரியாது என்பதுதான் சிக்கல். வணிகருக்கு வேண்டியது வேகம் மட்டுமல்ல, பதில் எந்தத் தேதியில் வரும் என்ற உறுதியும்தான்.

சூயஸ் வழிதான் இந்த அலசலின் நடுநாயகம். 1869-ல் கால்வாய் திறக்கும்வரை அது ஒரே கப்பல் பயணம் அல்ல. இங்கிலாந்திலிருந்து அலெக்சாண்ட்ரியாவரை ஒரு கப்பல், அங்கிருந்து எகிப்தின் குறுக்கே நிலவழி (1858-ல்தான் சூயஸ்வரை ரயில் முழுமையாக வந்தது), அப்புறம் செங்கடலில் வேறொரு கப்பல். அவசரக் கடிதம் பிரான்ஸைத் தரைவழியாகக் கடந்து மார்சேயில் கப்பல் பிடிக்கும். அதற்குக் கட்டணம் கூடுதல். அவசரமில்லாதது சவுத்தாம்ப்டனிலிருந்தே ஜிப்ரால்டரைச் சுற்றிக்கொண்டு வரும். அந்தக் கால உறைகளில் ‘மார்சே வழி’, ‘சவுத்தாம்ப்டன் வழி’ என்று மேலே எழுதியிருப்பது இதற்குத்தான்.

இந்த வழியில் பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் நிறுவனத்துக்கு இருந்த பலம் கப்பல் மட்டுமல்ல. ஏடன், காலி, சிங்கப்பூர் என்று வழிநெடுக நிலக்கரிக் கிடங்கு, பழுதுபார்க்கும் ஆட்கள், ஒரு கப்பல் படுத்தால் அனுப்ப மாற்றுக் கப்பல். இலங்கையின் காலித் துறைமுகம்தான் சந்திப்பு: சென்னை வழியாகக் கல்கத்தா போவது, சீனா போவது, ஆஸ்திரேலியா போவது எல்லாம் அங்கே பிரியும். ஐரோப்பியச் செய்தி காலிக்கு வந்ததும் கொழும்புப் பத்திரிகை ஒன்று புறா காலில் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. துறைமுகமோ பாறை நிறைந்தது. பி அண்ட் ஓவின் ‘மலபார்’ 1860-லும் ‘ரங்கூன்’ 1871-லும் அங்கேதான் மூழ்கின. கொழும்பில் அலைதாங்கி எழுந்த பிறகு, 1882-ல் தபால் கப்பல்கள் அங்கே மாறின.

இப்போது 1856-க்கு வருவோம். போர் முடிந்து ஆஸ்திரேலியத் தபாலுக்கு மீண்டும் டெண்டர் கேட்டார்கள். பி அண்ட் ஓவை ஒதுக்கிவிட்டு, யூரோப்பியன் அண்ட் ஆஸ்திரேலியன் என்ற புதுக் கம்பெனிக்கு ஆண்டுக்கு 1,85,000 பவுனுக்குக் கொடுத்தார்கள். பாதி லண்டன் கொடுக்கும், பாதி காலனிகள் கொடுக்கும். ஏகபோகத்தை உடைக்கும் ஆசை, புரிகிறது. ஆனால் புதியவர்களிடம் போதிய கப்பல் இல்லை. கையெழுத்துப் போட்ட பிறகு வாடகைக்கும் விலைக்கும் அலைந்தார்கள். எந்திரம் உடைந்தால் மாற்று இல்லை. 1857-ல் தொடங்கிய சேவை ஓராண்டுக்குள் தள்ளாடிவிட்டது. ராயல் மெயில் ஸ்டீம் பாக்கெட் என்ற இன்னொரு கம்பெனி சிறிது காலம் முட்டுக்கொடுத்துப் பார்த்தது. 1859-ல் வேலை மறுபடி பி அண்ட் ஓ கைக்கே வந்தது. அவர்களும் முதலில் மொரீஷியஸ் வழியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்ச காலத்தில் காலிக்கே திரும்பினார்கள்.

என்னைக் கேட்டால், இந்த நாற்பதாண்டில் வழியை விட முக்கியமாக இருந்தது இதுதான்: உடைந்த கப்பலுக்குப் பதில் நாளைக்கே இன்னொன்றை அனுப்ப முடியுமா? முடியாதவர்கள் எந்த வழியில் போனாலும் மூழ்கினார்கள். அதற்காக பி அண்ட் ஓவைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். போட்டியில்லாதவன் எப்படிப் பேரம் பேசுவான் என்பதற்கு அவர்களின் 1868-ஆம் ஆண்டு கிழக்கு நாட்டு ஒப்பந்தமே சாட்சி. அடிப்படை மானியம் 4,00,000 பவுன். பங்குதாரர்களுக்கு 8 சதவீத லாபப்பங்கு கிடைக்காவிட்டால் 5,00,000 வரை கூட்டித் தர வேண்டும். அரசாங்கமே லாபத்துக்கு ஜாமீன்! இரண்டே ஆண்டில் அதை மாற்றி 4,50,000 என்று நிலையாக வைத்தார்கள்.

பனாமாவைப் பற்றிப் பேசினால் சிட்னியின் மனக்குறையைப் பேச வேண்டும். சூயஸ் வழியில் வரும் கப்பல் முதலில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிங் ஜார்ஜ் சவுண்டைத் தொடும், பிறகு மெல்போர்ன், கடைசியில்தான் சிட்னி. லண்டன் கம்பளிச் சந்தை விலை மெல்போர்ன்காரனுக்கு முதலில் தெரிந்துவிடும். நியூசிலாந்துக்கோ இன்னும் பின்னால். அதனால் சிட்னியைத் தலைநகராகக் கொண்ட நியூ சவுத் வேல்ஸும் நியூசிலாந்தும் கைகோத்து 1866-ல் பனாமா வழியைத் தொடங்கின. மெல்போர்னைத் தலைநகராகக் கொண்ட விக்டோரியா ஒரு பைசா கொடுக்கவில்லை. கொடுப்பானேன்?

காகிதத்தில் பனாமா அழகாகத்தான் இருந்தது. 1855 முதல் பூசந்தியைக் கடக்க ரயில் இருந்தது. அந்தப் பக்கம் இங்கிலாந்து போக ராயல் மெயில் ஸ்டீம் பாக்கெட்டின் கப்பல்கள் இருந்தன. நடுவில் பசிபிக்தான் வெறுமை. வெலிங்டனிலிருந்து பனாமாவுக்கு ஏறத்தாழ 6,500 கடல் மைல். இடையில் சரக்கோ பயணிகளோ ஏற்ற ஒரு பெரிய ஊர் கிடையாது. ராப்பா என்ற குட்டித் தீவில் நிலக்கரி போட்டு வைத்தார்கள். அது பிரெஞ்சுக்காரர்களின் கண்ணை உறுத்த, 1867-ல் அவர்கள் தீவைத் தம் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கரீபியனில் அடித்த புயலில் ராயல் மெயிலின் ‘ரோன்’, ‘வை’ கப்பல்கள் மூழ்கின. சூயஸ் வழியில் ஒவ்வொரு துறையிலும் ஏதோ ஒரு வருமானம் ஏறும். இங்கே மானியத்தைத் தவிர வேறில்லை. 1869-ல் கம்பெனி கலைந்தது.

அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் குறுக்கே ரயில் பாதை இணைந்தது. மேற்கு வழிக்காரர்கள் விடவில்லை, பனாமாவுக்குப் பதில் சான் பிரான்சிஸ்கோ. நியூசிலாந்து அமைச்சர் ஜூலியஸ் வோகல் இதற்காக அலைந்து, அமெரிக்கக் கப்பல் கட்டுநர் வில்லியம் வெப்போடு ஒப்பந்தம் போட்டார். அது 1873-ல் நின்றது. 1875-ல் பசிபிக் மெயில் நிறுவனம் வந்து பத்தாண்டு தாக்குப்பிடித்தது. இந்த வழியில் ஒரு நன்மை உண்மையானது: ஆக்லாந்துக்கு இது நேர் வழி, ஹொனலூலுவில் நிலக்கரியும் கிடைக்கும். நியூசிலாந்து அஞ்சல் தலைவராக நான் இருந்திருந்தால் இதைத்தான் எடுத்திருப்பேன். மெல்போர்னில் இருந்திருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

1873 வாக்கில் லண்டனுக்கு அலுத்துவிட்டது. காலி, சிங்கப்பூர், சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று இடங்கள்வரை நாங்கள் கொண்டுவந்து தருகிறோம், அதற்கு மேல் உங்கள் செலவு என்றார்கள். உடனே விக்டோரியா காலிக்கு பி அண்ட் ஓவை வைத்தது. நியூ சவுத் வேல்ஸும் நியூசிலாந்தும் சான் பிரான்சிஸ்கோ. குயின்ஸ்லாந்து சிங்கப்பூரிலிருந்து டாரஸ் நீரிணை வழியாக இறங்கியது. 1881-ல் பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 55,000 பவுன் கொடுத்து நேரடிச் சேவையும் வாங்கியது. அந்தக் கரையோரச் சிற்றூர்களுக்குக் கப்பல் வருவதே பெரிது என்பதால் அதை வீண்செலவு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே கண்டத்துக்கு மூன்று வழியில் மூன்று மானியம்!

இதற்கிடையே லண்டன் தபால் துறையின் பிடிவாதத்தையும் சொல்ல வேண்டும். கால்வாய் திறந்தும், தபால் எகிப்து ரயிலில்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். கப்பல் தபால் இல்லாமல் கால்வாயில் வர, மூட்டைகள் அலெக்சாண்ட்ரியாவில் இறங்கி, ரயிலேறி, சூயஸில் மறுபடி ஏறின. 1874-ல் கனமான தபாலுக்கு மட்டும் தளர்த்தினார்கள், அதுவும் மானியத்தைக் குறைத்துக்கொண்டு. முழுத் தபாலும் கால்வாயில் போனது 1888-ல்.

அதே 1888-ல் பி அண்ட் ஓவும் ஓரியன்ட் நிறுவனமும் வாரம் மாற்றி வாரம் ஓட, ஆளுக்கு 85,000 பவுன் என்று சூயஸ் வழி நிலைத்தது. அப்போது அடிலெய்டிலிருந்து மெல்போர்ன் வழியாகச் சிட்னிவரை ரயில் வந்துவிட்டிருந்தது. தபால் மூட்டைகளை அடிலெய்டிலேயே இறக்கி ரயிலில் ஏற்றினார்கள். மெல்போர்ன்காரர்கள் அப்போதும் சிட்னிக்கு முன்னால் கடிதம் படித்தார்கள், ஆனால் சில மணி நேரம்தான் முன்னால்.